நாற்பத்து மூன்றாம் பக்கம்

மலேசியாவின் மேருவில் லோகன் குடியிருக்கும் தாமானில் வீடுகளுக்குள் அந்த ஆண்டு மூன்றாவது முறையாக வெள்ளம் புகுந்திருந்தது. தண்ணீரை இறைக்க பம்ப் கேட்டு அரசாங்க அலுவலகத்துக்கு வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல், அதிகாரி மேசையிலிருந்த தடித்த புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

"வெள்ளை அறிக்கை. நிபுணர்ங்க ரெண்டு வருஷம் ஆராய்ஞ்சு எழுதி, அரசாங்கமே நாடாளுமன்றத்துல வெச்சது. இதுல உங்க தாமானுக்கு பம்ப் தேவையில்லன்னு இருக்கு. வாட்ஸ்அப்ல வர்ற கதை இல்ல லா, மிஸ்டர் லோகன்."

லோகன் வாசல் பக்கம் திரும்பினார். அரசாங்க அறிக்கையே சொல்லிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது?

துணைக்கு வந்திருந்த உர்சுலா மெல்ல வாயைத் திறந்தார். போன மாதம்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்.

"நாப்பத்து மூணாம் பக்கம் பாத்தீங்களா சார்?"

"முழுசும் படிச்சாச்சு மா."

"அப்ப ஏன் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காம இருக்கு?"

அதிகாரி வெடுக்கென்று உறையைக் கிழித்துப் பக்கத்தைப் புரட்டினார். பம்ப் முதலில் தேவைப்படும் இடங்களின் பட்டியல் அது. லோகனின் தாமான்தான் முதலில் இருந்தது.

"பிரிக்காத புத்தகத்துல இருக்கிறது உங்களுக்கு எப்படி மா தெரியும்?"

"கடைசிப் பக்கம் பாருங்க சார். ஆய்வுக் குழுத் தலைவர் பேரும் படமும் இருக்கும்."

அதிகாரி வாய்விட்டே படித்தார். "டாக்டர் உர்சுலா ரபேல்."

படத்தையும் எதிரில் நின்றவரையும் பார்த்த வேகத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

லோகன் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.