நூலின் மறுமுனையில் நாற்பத்தேழு

நூலைக் கையில் சுற்றிக்கொண்டே ஃபாய் வேகமாக நடந்தாள். சொந்த ஊரான லோய்க்குப் பேருந்து ஐந்து மணிக்கு. விடுதியில் பையைக் கட்டி வைத்தாகிவிட்டது.

படிப்பை விட்டுப் போவதற்கு முன், முகம் தெரியாத அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஒரு நன்றி. அதற்காகத்தான் வந்தாள்.

கால்நடை மருத்துவப் பிரிவில் அவள் எண் நாற்பத்தேழு. கல்லூரி வழக்கப்படி, முந்தைய ஆண்டு அதே எண்ணில் சேர்ந்தவர்தான் அவளுக்குத் துணை. ஆள் முகம் காட்டக் கூடாது. தின்பண்டமும், ஆள் யாரென்று ஊகிக்க ஒரு துப்புச் சீட்டும் மட்டும் வரும். ஆறாவது வாரம் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஆள் கிடைக்கும்.

முதல் சீட்டில், 'எனக்கு மாடென்றால் பயம்' என்று இருந்தது.

இரண்டாம் ஆண்டுக்காரர்கள் மூன்று பேரிடம் போய் விசாரித்தாள். மூன்றும் தப்பு. தப்புக்கு ஒன்றாக, தண்டனைக்கு உணவுக்கூடத்து நடுவில் மூன்று முறை வாத்து நடனம் ஆடினாள்.

வரும் தின்பண்டமோ எப்போதும் துரியான் வறுவல். அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. பக்கத்து இருக்கை கெங்கிடம் தள்ளிவிடுவாள். வகுப்பில் அவள் பேசும் ஒரே ஆள் அவன். வீட்டு நினைப்பில் அழுதது, பாடம் ஏறாதது, இன்றைய பேருந்து எல்லாம் அவனுக்குத் தெரியும்.

நூல் மரங்களைச் சுற்றி, இரண்டாம் ஆண்டுக்காரர்கள் நின்ற பக்கம் போகாமல் திரும்பி, சைக்கிள் நிறுத்தத்தில் முடிந்தது.

மறுமுனை கெங்கின் மணிக்கட்டில் இருந்தது.

"டேய், நீ என் கிளாஸ்டா."

"போன வருஷம் சேர்ந்தேன். மூணாவது வாரமே ஊருக்கு ஓடிட்டேன். இந்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்து. நம்பர் மட்டும் பழசு."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன்டா துரியானே வாங்கின?"

"எனக்குப் பிடிக்குமே."

மணி நாலரை. போகாதே என்று சொல்வான் என எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள்.

கெங் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எனக்குத் தெரிஞ்சது மூணு வாரம்தான். அதையும் நீ எப்பவோ தாண்டிட்ட. நாளைக்கு முதல் செய்முறை வகுப்பு. அது எப்படியிருக்கும்னு எனக்கும் தெரியாது."

ஃபாய் மீதி நூலையும் கையில் சுற்றி முடித்தாள்.

"எட்டு மணிக்குத்தானே? முன்னாடியே போய் எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை."