முப்பத்தாறாவது படம்

"புகைப்படம் இல்லாததால், திரு. டான்ஸ்லி கண்டதாகச் சொல்லும் தும்பியைப் பதிவேட்டில் சேர்ப்பதற்கில்லை."

வில்ஃப்ரெட் டான்ஸ்லி அந்த வரியை மூன்றாம் முறையாகப் படித்துவிட்டு, ஒரு மடிப்புகூட விழாத தாளை மேசைமேல் வைத்தார். ஒரே ஒரு தடவை ஜில்லாவின் அந்தத் தும்பிப் பதிவேட்டில் தன் பெயர் ஏற வேண்டும் என்றுதான் பதினோரு கோடைகள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்.

தேநீரோடு வந்த மேவிஸ் தாளை எடுத்துப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒரு முறை, பூனையும் கூடையுமாகத் தம்பி வீட்டுக்கு வருகிறவள்.

"என்னடா இது? நேத்து குதிச்சுக்கிட்டு வந்தியே, அந்தத் தட்டானா?"

"அதேதான்க்கா. பச்சைக் கண்ணு, கண்ணாடி மாதிரி இறக்கை, முதுகுல மஞ்சள் முக்கோணம். நம்ம ஜில்லாவுல எண்பது வருஷமா யாரும் பாக்கல. என் மூக்குக்கு நேரா நாணல்ல உக்காந்திருந்துச்சு."

"அப்புறம் ஏன் படம் எடுக்கல?"

"பிலிம் தீந்துபோச்சு. கடைசியா இருந்த முப்பத்தாறாவது படத்துல உன் பூனையத்தானே எடுக்கச் சொன்ன? இன்னிக்குக் காலைல புது பிலிமோட போய் நின்னேன். பழுப்பு இறக்கைத் தட்டானா வருது. எங்க பாத்தாலும் திரியுமே, அது."

மேவிஸ் சர்க்கரையே போடாத தேநீரைக் கொஞ்ச நேரம் கலக்கினாள். பிறகு கோபம் வந்தது.

"இந்தக் கணக்கெல்லாம் பாக்கறது வாத்தியார் பார்ஜெட்டர்தானே? நல்ல மனுஷனாச்சே. நான் பேசறேன்."

"அவர் ஏப்ரல்லயே விலகிட்டார். இப்ப வேற ஆளு. படம் இல்லேன்னா பேச்சே கிடையாது. போன மாசம் பாதிரியார் எழுதினதையே தள்ளியாச்சு."

"அறுபது வயசுல நீ பொய்யா சொல்லப் போற? உன்ன நம்ப மாட்டானாமா?"

"நம்புவான். ஆனா ஏத்துக்க மாட்டான்."

"என்ன ஜென்மம்டா அவன்!" மேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் அடியில் தேடினாள். "எவன்னு பாத்து, நேர்ல போய் நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். எங்கடா, கையெழுத்தையே காணோம்?"

வில்ஃப்ரெட் பெருமூச்சுவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்தப் பேனாவக் குடுக்கா. நான் இன்னும் போடல."