மாமா

தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட் குனிந்து, "யாரும்மா தீ வச்சது?" என்று கேட்டபோது செண்பகம் "மாமா" என்றாள். அதுவே அவளுடைய கடைசிச் சொல். மரண வாக்குமூலத்தில் அவர் 'கணவர்' என்று எழுதிக்கொண்டார்.

"உங்க சம்சாரம் உங்கள மாமான்னுதான் கூப்பிடுவாங்களா?" என்று நீதிமன்றத்தில் வக்கீல் கேட்டார். மாசானம் திரும்பிப் பார்த்தான். கடைசி பெஞ்சில் அவன் அப்பா, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். செண்பகம் அவனை 'ஏங்க' என்பாள், கோபம் வந்தால் பெயரையே சொல்வாள். அந்த வீட்டில் அவள் மாமா என்றது ஒருவரைத்தான்.

"ஆமாங்கய்யா" என்றான்.

ஆயுள் தண்டனை. விலங்கோடு வெளியே வந்தவனிடம் கிழவர் "எய்யா..." என்று கை நீட்டினார். அவன் குழந்தையை மட்டும் பார்த்தான்.

"பாப்பாவ அவ சித்தி வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்கப்பா. இன்னைக்கே."