பிளாஸ்திரி ஒட்டிய மீட்டர்

ஊசி அசையவில்லை.

ஹேமலதா அம்மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

அசையாது. அது செத்த மீட்டர். காலையில் லேப் அட்டெண்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்து அவள் மேசையில் வைத்தது நான்தான்.

இன்று நான் இங்கே எக்ஸ்டர்னல். வேறு காலேஜிலிருந்து பிராக்டிகல் பரீட்சைக்கு மார்க் போட வந்திருப்பவள். மதியம் எனக்குப் பிரியாணி வரும். இதே லேப்பில், இதே கீறல் விழுந்த மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு நாள் மாணவியாக நின்றிருக்கிறேன்.

சர்க்யூட்டும் இதேதான். பன்னிரண்டு வோல்ட் சப்ளை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெசிஸ்டர், கூடவே அம்மீட்டர். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு கரண்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்ன விஷயம். ஆனால் மீட்டர் உள்ளே அறுந்திருந்தால் கரண்ட் ஓடாது. எந்த ரெசிஸ்டரில் வைத்துப் பார்த்தாலும் சைபர்.

நான் சைபர் என்றுதான் எழுதினேன். கண்ணில் பட்டதை எழுது என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ராஜவேல் சார் என் பேப்பரை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பது அவருக்குத் தெரியும்.

"கூறு போட்டு விக்கிற வூட்டுப் பொண்ணு. அளந்தே பழக்கமில்ல, மீட்டர் எங்க புரியும்?"

லேப்பே சிரித்தது. நான் ஃபெயில்.

மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினேன். ஆனால் அரியர் வைத்தவளை எடுப்பதில்லை என்று கேம்பஸுக்கு வந்த கம்பெனி வாசலோடு அனுப்பிவிட்டது. அம்மா கூடையை இறக்கி வைத்திருக்க வேண்டிய வருஷம் அது. இறக்கவில்லை.

பாடம் நடத்த வந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. செத்த மீட்டரை லேப்பில் தூக்கிப் போட மாட்டார்கள். ஸ்டாக் குறையக் கூடாது. அடியில் துண்டு பிளாஸ்திரி ஒட்டி அலமாரிக்குள் தள்ளிவிடுவார்கள். அது என்ன பிளாஸ்திரி என்பது வாத்தியார்களுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் யாரும் மீட்டரைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை.

இருந்தும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அன்று அது ராஜவேல் சாருக்கே தெரியாமல் என் மேசைக்கு வந்திருக்கலாம். பிளாஸ்திரியை அப்புறம் ஒட்டியிருக்கலாம். அந்தச் சந்தேகம் என்னை முழுசாகக் கோபப்படக்கூட விட்டதில்லை.

சார் இப்போது வெளியே வராந்தாவில் நிற்கிறார். ஹேமலதா அவர் மகள்; மகள் எழுதும் பரீட்சையில் அப்பா உள்ளே வரக் கூடாது. ஜன்னல் வழியாக எனக்கு வணக்கம் வைத்தார். மேடம் என்றார். அடையாளம் தெரியவில்லை.

அவர் மகள் சைபர் எழுதுவதற்காகக் காத்திருந்தேன். சிவப்புப் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

ஹேமலதா எழுதவில்லை. சப்ளையை அணைத்தாள்.

மீட்டரைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள்.

பிறகு அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு வயரைப் போட்டு இணைத்தாள். சப்ளை கொடுத்து, வோல்ட்மீட்டரை முதல் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வைத்தாள். நாலு வோல்ட். அடுத்ததில் எட்டு. வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தாள். இரண்டிலும் ஒரே கரண்ட். அம்மீட்டரே இல்லாமல் விடை வந்துவிட்டது.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"அப்பாதான் மேம். புடிக்காத பசங்களுக்குன்னே சில பேரு செத்த மீட்டரா எடுத்து வெப்பாங்களாம். ஊசி ஆடலேன்னா மொதல்ல கவுத்துப் பாருன்னு சொல்லியிருக்காரு."

வீட்டில் பலமுறை கேட்ட வேடிக்கைக் கதையைப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

என் சந்தேகம் தீர்ந்தது.

முழு மார்க் போட்டேன். அது அவளுடையது.

அப்புறம் மீட்டரை அவள் கையில் கொடுத்து, அப்பாவிடம் காட்டிவிட்டு வா என்றேன். யார் கொடுத்ததாகச் சொல்வது என்று கேட்டாள்.

"கூறு போட்டு விக்கிற வூட்டுப் பொண்ணு குடுத்துச்சுன்னு சொல்லு. அப்படின்னா என்னன்னு அவரையே கேளு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சார் மீட்டரை வாங்கினார். கவிழ்த்துப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

ஹேமலதா அவரிடம் ஏதோ கேட்டாள். மறுபடி கேட்டாள்.

அடுத்த பெண்ணை நான் கூப்பிடவில்லை. எனக்கு அவசரமில்லை.