கலைவாணனுக்கு ஒரு ஆள்

"தனி ஆளுக்கு வூடு விடறதில்லைன்னு அன்னைக்கே சொன்னேனே தம்பி. ரெண்டு பேரா இருந்தா இரு, இல்லாட்டி காலி பண்ணு," என்றார் வீட்டுக்காரம்மா சசிகலா.

"ஆள் கெடச்சாச்சுங்கக்கா," என்றான் நவநீதன். "பசங்க சேர்ந்து தங்க ரூம் தேடறதுக்கு ஒரு ஆப் பண்றேனே, அதுலயே கெடச்சான். கலைவாணன்னு பேரு. மொரப்பூர்க்காரன்."

"குடிப்பானா?"

"டீகூடக் குடிக்க மாட்டானுங்க. விடியறதுக்குள்ள எந்திரிச்சு வூட்டைக் கூட்டிருவான். நான் என்ன பேசினாலும் கேட்டுக்குவான்."

"நீ பேசறதையா? ரொம்பப் பொறுமைசாலிதான்," என்றவர், கலைவாணனுக்கும் சேர்த்து இரண்டு தட்டில் களியும் கீரைக் குழம்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு தட்டையும் நவநீதன் தன் முன்னாலேயே வைத்துக்கொண்டான். கலைவாணன் என்று யாரும் கிடையாது. ஆப் ஓடுகிறதா என்று பார்க்க அவனே உண்டாக்கிவிட்ட பொய் ஆள். அதில் இதுவரை சேர்ந்த நிஜ ஆள் நவநீதன் ஒருவன்தான்.

களியில் கை வைத்த நேரம் போன் சிணுங்கியது. இண்டூரிலிருந்து கதிரவன் என்று ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். நிஜமாகவே ஓர் ஆள்! கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்து, ஆப் நடத்துபவருக்கென்று அவன் அனுப்பியிருந்த செய்தியைப் படித்தான்.

"நவநீதன்னு ஒருத்தரையும் காட்டுதுங்க. அவரு வேண்டாம். கலைவாணன் அண்ணா நம்பர் மட்டும் குடுங்க."