தக்காளிக்குக் குளிராதாம்

மலையூர்த் தோட்டம் ஒன்றில் உறைபனி விழும் என்று பயந்த வீட்டுக்காரம்மா, தக்காளிச் செடியின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டுப் போனாள்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. போர்வை அப்பளம் போல விறைத்திருந்தது. அவள் அதை எடுத்துத் துணிக்கொடியில் போட்டதும் செடி சோம்பல் முறித்தது.

“பனியாம் பனி! இதுக்கா இத்தனை அலட்டல்? ஒரு இலைகூடக் கருகலையே. என் உடம்பு அப்படி!”

போர்வை சொட்டச் சொட்டச் சிரித்தது.

சாயங்காலம் மலையிலிருந்து சில்லென்று காற்று இறங்கியது. செடி மெல்லக் கூப்பிட்டது.

“அண்ணே, கொடியில தனியா கிடந்தா உங்களுக்குக் குளிருமே. வேணும்னா என் மேல வந்து படுத்துக்கங்க.”

வீட்டுக்காரம்மா வரும்வரைகூடப் போர்வை பொறுக்கவில்லை. அடித்த காற்றோடு தாவி வந்து செடியை மூடிக்கொண்டது.

“நல்லவேளை கூப்பிட்டே தம்பி. எனக்குக் குளிரே தாங்காது!”