வரிக்கு வரி ஒரு குறிப்பு

மெத்தை நாற்காலியில் முதலாளி தனுஷ்கோடி. எதிரே மடிக்கணினியோடு, ஏ.ஐ. விற்க மதுரையிலிருந்து வந்த சதீஷ். கதவோரத்து ஸ்டூலில், அந்த ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியின் வெப்சைட் சர்வரை நாலு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் நாகஜோதி.

"சர்வர் எப்படி ஓடணும்னு எழுதி வச்சிருக்கிற கான்ஃபிக் ஃபைலை ஏ.ஐ. தானே வாசிச்சு, கோளாறு இருந்தாச் சொல்லிரும் சார்," என்றான் சதீஷ்.

"தப்பு இருந்துச்சுன்னா ஒன் வேலை போச்சு தாயி," என்றார் முதலாளி.

நாகஜோதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதற்குப் பயந்துதான் ஒரு வாரமாக ஃபைலைத் திருத்தி, ஒவ்வொரு வரியும் எதற்கென்று பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

சதீஷ் ஃபைலை ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஒரு தப்புகூட இல்ல சார். அக்கா எழுதின குறிப்பை வாசிச்சே ஏ.ஐ. அம்புட்டையும் படிச்சுக்கிடுச்சு."

"கெட்டிக்காரிதான்! ஒரு லெட்டர் டைப் பண்ணு தாயி."

அவளுக்கு உயிர் வந்தது. அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தாள்.

'தங்கள் குறிப்புகள் மிகச் சிறப்பு. இனி அவற்றைக் கொண்டு ஏ.ஐ.யே சர்வரைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒன்றாம் தேதி முதல் தாங்கள் வேலைக்கு வர வேண்டியதில்லை.'

விரல்கள் நின்றன. "மொதலாளி, தப்பே இல்லன்னுதான சொன்னாவ?"

"அதனாலதான் தாயி. கையில குடுத்தாச் செல்லாது, பதிவுத் தபால்ல போட்டுரு."

நாகஜோதி கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினாள். மேலே ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள தன் வீட்டு முகவரியை எழுதி, தபாலுக்குக் கொடுத்தனுப்பினாள்.